இரண்டு தடவைதான் கூப்பிடும்

சின்ன வெங்காயம் உரிக்க உட்கார்ந்தால் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள், அது ஒரு வசதி. கண் கலங்கினால் வெங்காயம், மூக்கை உறிஞ்சினால் வெங்காயம், முந்தானையை முகத்தில் அழுத்திக்கொண்டு ஒரு நிமிஷம் அப்படியே இருந்துவிட்டாலும் வெங்காயம்தான். கோகிலா முறம் நிறையக் கொட்டிக்கொண்டு அடுக்களைக்குள் நிலைப்படியை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். கூடத்தில் பேசுவது காதில் விழும், கூடத்தில் இருப்பவர்கள் கண்ணில் இவள் படமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை பகல், அடுப்பில் கோழி, வெளியே பிசுபிசுவென்று தூறல். கூடத்தில் அவள் வீட்டுக்காரர் பேய்க்கதை சொல்லிக்கொண்டிருந்தார். ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போர்க்கிணறு போடப் போகிற திருச்செங்கோட்டு ஆட்கள் வடக்கே மழை பிடித்ததும் வீடு திரும்புவார்கள், ஒருத்தர் கம்பளி கொண்டுவருவார், ஒருத்தர் பித்தளைச் சொம்பு கொண்டுவருவார், இவர் பேய் கொண்டுவருவார். வண்டி போகாத மாநிலம் கிடையாது, பேய் இல்லாத மாநிலமும் கிடையாது போல. ராஜஸ்தானத்தில் இடிந்த கோட்டைக்குள் இருட்டினால் கொலுசுச் சத்தம், தில்லிப் பக்கம் வண்டியை மறித்து இடம் கேட்கிற வெள்ளைச் சேலைக்காரி, ஏற்றாமல் போனால் வண்டி வேகத்துக்குக் கூடவே ஓடி வருவாளாம், கர்நாடகத்தில் வீட்டு ஆள் குரலில் கதவைத் தட்டுகிறது ஒன்று, சனங்கள் கதவில் நாளைக்கு வா என்று எழுதிவைத்து அதைத் தினமும் ஏமாற்றி அனுப்புவார்களாம், உத்தரப் பிரதேசத்தில் பாதம் பின்பக்கமாகத் திரும்பியவள். பக்கத்து வீட்டு மரகதம் சிரித்தாள், அவள் இழவுக்குப் போனாலும் பாதி வழியில் சிரிக்கிறவள். "ஏனுங்ண்ணா, எல்லா ஊர்லயும் பேய் பொம்பளையாத்தான் இருக்குமா, ஆம்பளை செத்தா ஆகமாட்டானா?" என்றாள். "ஆம்பளை செத்தா விட்டது சனியன்னு போயிருவான் மரகதம். பொம்பளைக்குத்தான் ஏதாவது பாக்கி இருக்கும்" என்றார் இவர். எல்லோரும் சிரித்தார்கள், மகள் தர்ஷிணிகூட. கோகிலா சிரிக்கவில்லை. பாக்கி இருக்கிறதுதான், இல்லாமலா, உயிரோடு இருக்கிறவளுக்கே இவ்வளவு பாக்கி இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு அடுத்த வெங்காயத்தின் வாலைக் கிள்ளினாள்.

இதெல்லாம் அவளுக்குப் பொருட்டே இல்லை. கோட்டைக்காரி இருக்கட்டும், வெள்ளைச் சேலைக்காரி ஓடட்டும், பாவம், யார் பெற்ற பெண்ணோ. இவள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அடுத்து வரப்போகிறவளுக்காக. அவள் கடைசியில்தான் வருவாள், கோழிக்குழம்பில் கடைசியாகத் தேங்காய்ப்பால் ஊற்றுகிற மாதிரி அவளைக் கடைசியில்தான் எடுப்பார், அதற்கு முன்னால் ஒரு வாய் தண்ணீர் குடிப்பார், தொண்டையைச் செருமுவார். இதோ செருமியாயிற்று. சத்தீஸ்கர். காட்டோரத்துக் கிராமம், வெயிலில் மூன்று போர் போட்டும் புழுதி தவிர ஒன்றும் வராத ஊர், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் டென்ட். அங்கே ஒன்று இருக்கிறது, வங்காளத்துப் பக்கம் அதற்கு நிசி என்று பேர், குடிவந்த வங்காளிகளோடு அதுவும் குடிவந்துவிட்டதாம். பேர் சொல்லிக் கூப்பிடும். நமக்கு வேண்டிய ஆள் குரலில் கூப்பிடும். ஆனால் இரண்டு தடவைதான் கூப்பிட முடியும், அதற்கு மேல் அதற்குச் சக்தி இல்லை, மூன்றாவது தடவையும் குரல் வந்தால் அது மனுஷர். அதனால் அந்த ஊரில் யாரும் முதல் குரலுக்கு வாய் திறப்பதில்லை. "திறந்து ஹவ்வுன்னு ஒருத்தன் சொன்னான்னு வெச்சுக்க, முடிஞ்சுது. அங்க ஆமா, இதோ வந்துட்டேன்னு சொல்றதுக்கு ஹவ்வும்பாங்க. சொன்னவன் எழுந்து பின்னாலயே நடந்து போயிருவான், காலையில கெணத்துல கெடப்பான்." மரகதம் சிரிப்பதை நிறுத்தினாள். "உங்களைக் கூப்புட்டுச்சுங்களா?" "கூப்புட்டுது. ரெண்டு தடவை. நான் நாக்கைக் கடிச்சிக்கிட்டுப் படுத்திருந்தேன்." இதுதான் கதை, மூன்று வருஷமாக இதே கதைதான். முதல் வருஷம் இது வெறும் குரல். போன வருஷம் குரலுக்குக் கை முளைத்தது, கையில் பச்சைக் கண்ணாடி வளையல், டென்ட் கம்பியில் இடித்துச் சத்தம் கேட்டதாம். இந்த வருஷம் கேளுங்கள், மணிக்கட்டில் ரொட்டிக்கல் சுட்ட தழும்பு, தலையில் இலுப்பைப்பூ வாசம், கிளிப்பச்சைச் சேலை, ஓரத்தில் பொடி மாங்காய்க் கரை, பாதம் நேராகவே இருந்ததாம், பெருவிரலுக்குப் பக்கத்து விரலில் மெட்டி. நாக்கைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தவருக்குக் கால் விரல் எப்படித் தெரிந்தது. அதுகூடப் போகட்டும், கதை என்றால் கைகால் வைக்கத்தான் செய்வார்கள். ஆனால் இந்த மனுஷனா வைப்பார். கல்யாணத்துக்குப் போய்வந்தவரிடம் பொண்ணு என்ன சேலைங்க கட்டியிருந்துச்சு என்று கேட்டால் யோசித்துப் பார்த்துச் சேலைதான் என்று சொல்கிறவர். சொந்தத் தங்கை கல்யாணத்துக்கே அதுதான் பதில். அவருக்குப் பொடி மாங்காய்க் கரையைக் கற்பனை செய்யத் தெரியாது. பார்த்தால்தான் தெரியும். ஒருமுறை பார்த்தாலும் தெரியாது, தினமும் பார்க்கவேண்டும், துவைத்துக் காயப்போட்டதைப் பார்க்கவேண்டும்.

குரலையும் அவர் செய்துகாட்டுவார், அதைத்தான் தாங்க முடியவில்லை. "அர்த்தூ" என்று. ஆரம்பத்தில் கீழே இருந்து எடுத்து, நடுவில் ஏற்றி, கடைசியில் சோற்றுப் பருக்கையை விரலால் வழித்து வைக்கிற மாதிரி மெதுவாக இறக்குவார். மூன்று வருஷத்தில் வளையல் சேர்ந்தது, சேலை சேர்ந்தது, இந்த ராகம் ஒரு இழை மாறவில்லை. தர்ஷிணி கேட்டாள், "ஏப்பா, பேய் ஏன் உன்னைய அர்த்தூன்னு கூப்புடுது, முழுப்பேரு வராதா?" "வடக்கத்திப் பேயி கண்ணு, நம்ம பேரு அதுக்கு வாயில நொழையாது." எல்லோரும் சிரித்தார்கள். கோகிலாவுக்குக் கத்தி விரலில் பட்டது, ரத்தம் வரவில்லை, தோல்தான். அந்தப் பேரை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. கல்யாணமாகிப் பதினான்கு வருஷம், ஏனுங்க, கேட்டீங்களா, தர்ஷிணியப்பா, இவ்வளவுதான் அவள் வாயில் அவருக்கு இருக்கிற பேர்கள். மாமியார் முதல் நாளே சொல்லிவிட்டார், பேரைச் சொன்னா ஆயுசு கொறையும் அம்மிணி. பிரசவத்துக்குப் போனபோது நர்சம்மா புருஷன் பேரென்ன என்று கேட்டதற்கு, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, மலைமேல இருக்கிற சாமி பேருங்க என்றாள். எந்த மலை, எந்தச் சாமி என்று நர்சம்மா கத்தினார், பாதி ஆம்பளை பாதி பொம்பளை சாமிங்க என்று இவள் அழுதாள், பக்கத்துக் கட்டிலில் குழந்தையை அணைத்துக்கொண்டிருந்த யாரோதான் சிரித்துக்கொண்டே அர்த்தநாரி என்று எடுத்துக்கொடுத்தார்கள். அந்தச் சாமி இடது பாதி உடம்பை அம்மாளுக்குக் கொடுத்துவிட்டு நிற்கிறது. இந்தச் சாமி எந்தப் பாதியை எவளுக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறதோ. ஆயுசு குறையும் என்று இவள் விழுங்கி விழுங்கி வைத்த பேரை ஒருத்தி காட்டோரத்தில் உட்கார்ந்துகொண்டு பாதியாக உடைத்துச் செல்லமாகக் கூப்பிடுகிறாள், அவளுக்கு ஒரு பயமும் இல்லை, அவள் கூப்பிட்டு இவர் ஆயுசும் குறையவில்லை, மாறாகப் போன வருஷத்துக்கு இந்த வருஷம் ஆள் தேறித்தான் வந்திருக்கிறார், கழுத்தில் சதை வைத்திருக்கிறது. பேய் அடித்த ஆளா இது.

சீ, என்ன நினைப்பு இது, பேயோடு போய் மல்லுக்கு நிற்கிறாயே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள், குழம்பைக் கிளறிவிட்டு வந்தாள், உட்கார்ந்ததும் நினைப்பும் கூடவே வந்து உட்கார்ந்தது. ஆம்பளைகளுக்கு ஊருக்கு ஒரு பேய் என்றால் ரிக் வண்டிக்காரர்களின் பெண்டாட்டிகளுக்கு ஒரே பேய்தான், அதற்கு அங்கத்தவள் என்று பேர், போன இடத்தில் புருஷன் சேர்த்துக்கொண்டவள். தண்ணீர்க் குழாயடியில் அவள் வருவாள், ரேஷன் கடை வரிசையில் வருவாள். மல்லசமுத்திரத்தில் ஒருத்தராம், செத்துப்போய் எழவு வீட்டில் பந்தல் போட்டிருக்கும்போது அங்கத்தவள் கைக்குழந்தையோடு ரயிலேறி வந்து தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாளாம். கேட்டால் அது மல்லசமுத்திரம் இல்லை எலச்சிபாளையம் என்பார்கள், எலச்சிபாளையத்தில் கேட்டால் மல்லசமுத்திரம் என்பார்கள். யாரும் கண்ணால் பார்த்ததில்லை, எல்லோருக்கும் அவளைத் தெரியும். கோகிலாவும் சிரித்துக் கேட்டவள்தான், சொல்லப்போனால் இரண்டு தடவை அவளே கண்ணு மூக்கு வைத்து அடுத்தவர்களுக்குச் சொல்லியிருக்கிறாள், அங்கத்தவள் அடுத்த வீட்டுக்காரனுடையவளாக இருந்தவரை நல்ல கதைதான். போன வாரம்தான் கதை நின்றது. மரகதத்தின் வீட்டுக்காரர் ராமலிங்கம் ரிக் முதலாளியின் ஆபீசில் இருக்கிறார், வண்டி எங்கே போகிறது என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும். மரகதம் துணி காயப்போட்டுக்கொண்டே போகிற போக்கில் சொன்னாள், "உங்க வீட்டுக்காரரு வண்டியை ராஜஸ்தானத்துக்குத்தாங்கா போட்டிருந்தாங்க, இவருதான் அந்தக் காட்டு ஊருப் பக்கமே வேணும்னு கேட்டு மாத்தி வாங்கியிருக்காரு." சொல்லிவிட்டுச் சிரித்தாள், அது அவள் எப்போதும் சிரிக்கிற சிரிப்பா வேறு சிரிப்பா என்று கோகிலா அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறாள். பேய் கூப்பிடுகிற ஊருக்கு எந்தப் பைத்தியக்காரனாவது கேட்டு வாங்கிப் போவானா. புதன்கிழமை வண்டி கிளம்புகிறது. போனால் அடுத்த மழைக்குத்தான் வருவார், ஒருவேளை அடுத்த மழைக்கு வராமல்கூட இருந்துவிடுவார், அப்போது இவள் எந்த வாசலில் போய் நின்று யாரைக் கேட்பது, டவர் கிடைக்காத ஊர் என்று முன்கூட்டியே சொல்லியாகிவிட்டது. நேராகக் கேட்டுவிடலாம். ஏனுங்க, அங்க யாராச்சும் இருக்காங்களாங்க. கேட்டால் சிரிப்பார், உனக்குக் கிறுக்கா புள்ள என்பார், அந்தப் பதிலை எந்த ஆம்பளையும் சொல்வான், இருந்தாலும் சொல்வான், இல்லாவிட்டாலும் சொல்வான், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது. ஒருத்தியும் இல்லாமலே இருக்கலாம். தழும்பு, மெட்டி, மாங்காய்க் கரை எல்லாம் சமைத்துப் போட வந்த எவளோ கிழவியைப் பார்த்துச் சேர்த்ததாக இருக்கலாம். இருக்கலாம்தான். ஆனால் அந்த ராகம் கிழவியுடையது இல்லை. ஒரு பேயைப் பார்த்துப் பொறாமைப்படுகிற முதல் பொம்பளை நான்தான், என்னைப் பற்றித்தான் ஊரில் கதை சொல்லவேண்டும் என்று நினைத்தாள். அவளுக்கு என்ன, மாதாந்திர வலி கிடையாது, கால் நரம்பு சுருட்டாது, பிள்ளைக்கு ஜுரம் வராது, கேஸ் தீராது, வருவாள், கூப்பிடுவாள், கமகமவென்று போவாள். அவளைப் பற்றிச் சொல்லும்போது இவருக்குக் குரல் இறங்குகிறது. இவளைப் பற்றி யாராவது கேட்டால் வீட்டுல இருக்கா என்பார், அவ்வளவுதான் இவள் கதை, ஒரு வரி, மூன்று வருஷம் போனாலும் அதில் ஒரு வளையல்கூடச் சேராது.

சாப்பிட உட்கார்ந்தார்கள். மரகதம் குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் சமையல், அவர்கள் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் புகழ்ந்தார்கள், கோகிலா நின்றுகொண்டு பரிமாறினாள். இவர் தட்டைப் பார்த்துவிட்டு, "வெங்காயம் ஒண்ணு குடு புள்ள, பெருசு" என்றார். கொடுத்தாள். அரிவாள்மனையை நீட்டினாள். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, வெங்காயத்தைத் தரையில் வைத்து, கையை முஷ்டி பிடித்து ஒரே குத்து, நறுக்கென்று உடைந்தது, உதறி எடுத்து உப்பைத் தொட்டுச் சாப்பிட்டார். ராமலிங்கம் பார்த்துவிட்டு, அட இது புதுசா இருக்குதே என்றார். "அங்க இப்பிடித்தான், கத்தி வெச்சா ருசி போயிரும்னு சொல்வா" என்று சொன்னவர், சொன்னதும் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். யார் சொல்வா. சொல்வாங்க என்பது வாயில் பாதியாக வந்திருக்கலாம், டென்டில் இருக்கிற ஆம்பளைகள் சொல்லியிருக்கலாம். ஆம்பளைகள் வெங்காயத்தின் ருசி பற்றியா பேசுவார்கள். குழம்புக் கரண்டி அவள் கையில் இருந்தது, அதிலிருந்து ஒரு சொட்டு அவர் தோளில் விழுந்தது, சூடு, அவர் தட்டிவிட்டுக்கொண்டார். வேண்டுமென்றுதான் ஊற்றினாயா என்று கேட்டிருந்தால் ஆமாம் என்று சொல்லியிருப்பாள், அந்த நேரத்துக்கு அவளிடம் அவ்வளவு தைரியம் இருந்தது. கேட்கவில்லை. காலையிலிருந்து இவள் உரித்தது ஒரு முறம் வெங்காயம், எல்லாம் குழம்பில் கரைந்து போயிற்று, தட்டில் தனியாகத் தெரிந்தது அங்கத்து வெங்காயம்தான்.

மரகதம் வீட்டில் டிவி பார்க்கிறேன் என்று தர்ஷிணி அவர்களோடு போய்விட்டாள். அவர் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தார், மின்விசிறி கிர்கிர் என்றது, கொஞ்ச நேரத்தில் வாய் திறந்துகொண்டது. கோகிலா சாப்பிட்டாள், என்ன சாப்பிட்டாள் என்று தெரியாமல் சாப்பிட்டாள், பாத்திரத்தை ஊறப்போட்டாள், கையைத் துடைத்துக்கொண்டு வந்து இப்போது நிலைப்படி மேலேயே உட்கார்ந்தாள். தூங்குகிற முகம் நல்ல முகம்தான். இந்த முகத்துக்காக எத்தனை விளக்கு போட்டிருக்கிறாள், வண்டி கிளம்பும்போது எத்தனை எலுமிச்சம்பழம். "ஏனுங்க" என்றாள், சும்மா, குரல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. அசைவில்லை. "கேட்டீங்களா" என்றாள். குறட்டை ஒரு இழை கூடியது. பதினான்கு வருஷத்துக் குரல் அவர் காதில் மின்விசிறிச் சத்தத்தோடு சேர்ந்துவிட்டது போலிருக்கிறது. செய்யக்கூடாது என்று தெரிந்தது. ஆயுசு, மாமியார், மலைமேல் சாமி, எல்லாம் ஒரு சுற்று வந்து போயிற்று. பெண்பிள்ளைகளோடு கும்மி அடித்த காலத்தில் எந்தப் பாட்டையும் ஒருதடவை கேட்டால் இவளுக்குத் தொண்டையில் ஏறிவிடும், இதையோ மூன்று வருஷமாகக் கேட்கிறாள். அப்படி ஒருத்தி இல்லையென்றால் இல்லை, அவர் பாட்டுக்குத் தூங்குவார், நான் பாட்டுக்குப் பாத்திரம் தேய்ப்பேன், புதன்கிழமை எலுமிச்சம்பழம் வைத்து அனுப்பிவைப்பேன், சாமி, தூங்கட்டும், தூங்கிக்கொண்டே இருக்கட்டும். கீழே இருந்து எடுத்தாள், நடுவில் ஏற்றினாள், மெதுவாக இறக்கினாள். "அர்த்தூ."

கால் கட்டைவிரல் அசைந்தது. ஈயாக இருக்கும். குறட்டை நின்றிருந்தது, அதுவும் தானாக நிற்பதுதான். போதும், எழுந்துபோய்விடு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே கோகிலா வாயைத் திறந்தாள். "அர்த்தூ."

"ஹவ்" என்றார்.

பயந்த குரல் இல்லை. நாக்கைக் கடித்துக்கொண்ட ஆளின் குரல் இல்லை. தட்டு வைத்தாயிற்று என்று கூப்பிட்டால் வெளியிலிருந்து வருகிற ஆளின் குரல், தினமும் சொல்லிச் சொல்லி வழுவழுப்பான ஒரு வார்த்தை. இவளுக்கு அவர் ஒருநாளும் இப்படிப் பதில் சொன்னதில்லை, ம் என்பார், என்ன என்பார். கண் மூடியபடியே முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, அதையும் இவள் பார்த்ததில்லை. கை பக்கத்தில் தேடியது. இடது பக்கம் தேடியது. இந்த வீட்டில் இவள் படுப்பது வலது பக்கம், விடிவதற்கு முன்னால் எழுந்து போகத் தோதாக, பதினான்கு வருஷமாக வலது பக்கம். கை இடது பக்கம் போய்ச் சுவரில் இடித்தது. அவர் விழித்துக்கொண்டார். சுவரைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார், எந்த ஊர் என்று அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு நிலைப்படியில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார்.

"கூப்புட்டியா?"

"நானுங்களா?" என்றாள் கோகிலா. முறத்தில் ஒரு வெங்காயம் மிஞ்சிக் கிடந்தது, அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தோலைக் கிள்ளினாள். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. "நான் என்னைக்குங்க உங்களைப் பேர் சொல்லிக் கூப்புட்டிருக்கறேன்?"

அவர் எழுந்து உட்கார்ந்தார். நெற்றியிலும் மேலுதட்டிலும் வேர்த்திருந்தது. வாசல் கதவைப் பார்த்தார், திறந்துதான் கிடந்தது, வெளியே தூறலும் மரகதம் வீட்டு டிவிச் சத்தமும் தவிர ஒன்றுமில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டது என்று தான் சொல்லவே இல்லையே என்பது அவருக்கு உறைத்ததா இல்லையா என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. தலைமாட்டில் இருந்த சொம்பைத் தேடி எடுத்து ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

"எத்தனை தடவைங்க கேட்டுச்சு?" என்றாள்.

சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "ரெண்டு" என்றார்.

"அப்ப அது நானில்லீங்க" என்று சொல்லிவிட்டு வெங்காயத்தை உரித்தாள்.